ஊரைச் சுற்றி ஒரு சாலை: புறவழித்தடம் எப்படி முடிவாகிறது?

புறவழிச்சாலை என்றதும் வரைபடமும் அதில் ஊரைச் சுற்றி வளைந்து போகும் ஒரு சிவப்புக் கோடும்தான் மனதில் வரும். சண்டையும் அந்தக் கோட்டை வைத்துத்தான் நடக்கும்: வடக்கே போகுமா, தெற்கே போகுமா, யார் நிலம் பறிபோகும்? ஆனால் முறையாக நடக்கும் திட்டத்தில் கோடு போடுவது பாதி வேலை முடிந்த பிறகுதான் வரும். அதற்கு முன்பே விடை தெரிந்திருக்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. ஊருக்குள் நிற்காமல் கடந்து போகிறவர்கள் உண்மையில் எத்தனை பேர், அவர்கள் எங்கிருந்து எங்கே போகிறார்கள்? இது தெரியாமல் போட்ட கோடு நல்ல சாலையாக அமையலாம். ஊரின் நெரிசலைத் தீர்க்குமா என்பது மட்டும் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

நிற்பவர் யார், கடப்பவர் யார்

கடைத்தெருவில் ஹாரன் அடித்துக்கொண்டு நிற்கும் வண்டிகளைப் பார்த்தால் எல்லாம் ஒன்று போலத்தான் தெரியும். திட்டமிடுபவர் அவற்றை இரண்டாகப் பிரிக்கிறார். ஊரோடு வேலை உள்ளவை ஒரு வகை: கடைக்கு, பள்ளிக்கு, மருத்துவமனைக்கு, வீட்டுக்கு வருபவை. ஊரோடு எந்த வேலையும் இல்லாமல், சாலை அந்த வழியாகப் போகிறது என்பதற்காக மட்டுமே நுழைபவை இன்னொரு வகை. புறவழிச்சாலையால் இரண்டாவது வகையைத்தான் வெளியே எடுக்க முடியும். முதல் வகை, சாலை திறந்த மறுநாளும் அதே கடைத்தெருவுக்குத்தான் வரும்.

பிரித்துப் பார்ப்பது எப்படி? ஊருக்குள் நுழையும் ஒவ்வொரு சாலையின் வாயிலிலும் வண்டி எண்களைக் குறித்துக்கொள்வார்கள். முன்பு ஆட்களை உட்காரவைத்து எழுதினார்கள். இப்போது கேமரா படித்துக்கொள்கிறது. ஒரு வாயிலில் நுழைந்த எண் இன்னொரு வாயிலில் கால் மணி நேரத்துக்குள் வெளியே வந்தால் அது கடந்து போன வண்டி. வரவேயில்லை, அல்லது மூன்று மணி நேரம் கழித்து வந்தது என்றால் அதற்கு ஊரில் வேலை இருந்திருக்கிறது. சாப்பிட நிறுத்தியவரை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்ற தகராறு எப்போதும் வரும். அதற்காகத்தான் சில இடங்களில் வண்டிகளை ஓரங்கட்டி, எங்கிருந்து வருகிறீர்கள், எங்கே போகிறீர்கள் என்று ஓட்டுநரிடமே கேட்கிறார்கள்.

ஒரு கற்பனை ஊரை எடுத்துக்கொள்வோம். நெடுஞ்சாலை கிழக்கிலிருந்து மேற்கே போகிறது. ஊர் நடுவிலிருந்து வடக்கே ஒரு கிளைச்சாலை பிரிகிறது. கிழக்கு வாயிலில் ஒரு நாளில் 6,000 வண்டிகள் நுழைகின்றன. எண்களை ஒப்பிட்டால் அவற்றில் 1,800 மேற்கு வாயில் வழியாகவும், 1,200 வடக்கு வாயில் வழியாகவும் உடனே வெளியேறுகின்றன. மீதி 3,000 ஊருக்கு வந்தவை. சரிபாதி கடந்து போகிறது என்பதால் புறவழிச்சாலை தேவை என்று எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். தெற்கே நிலம் எளிதாகக் கிடைக்கிறது. அங்கேயே போட்டுவிடலாம் என்று முடிவாகிறது. என்ன நடக்கும்? மேற்கே போகும் 1,800 வண்டிகள் விலகும். வடக்கே திரும்பும் 1,200 வண்டிகளும் முன்போலவே கடைத்தெருவில்தான். அந்த வடக்குச் சாலை ஒரு கல்குவாரிக்கோ துறைமுகத்துக்கோ போகிறது என்றால் லாரிகளில் பெரும்பகுதி அந்த 1,200-க்குள்ளேதான் இருக்கும். எவ்வளவோ செலவழித்து, எந்த லாரியை வெளியேற்ற வேண்டும் என்று ஊர் கேட்டதோ அதை மட்டும் உள்ளேயே விட்டுவைத்ததாக ஆகும். அதே சாலை ஊரின் வடபுறம் போயிருந்தால் கிளைச்சாலையையும் வெட்டிக்கொண்டு போயிருக்கும். 3,000 வண்டிகளும் விலகியிருக்கும்.

வடக்கா தெற்கா என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டியது இந்தக் கணக்குதான். நிலத்தின் விலையும், யாருடைய குரல் பெரிது என்பதும் அதற்குப் பிறகு வரட்டும்.

பொதுவாக ஊர் எவ்வளவு சிறியதோ, அவ்வளவுக்குக் கடந்து போகிறவர்களின் பங்கு அதிகம். பெரிய நகரத்தின் வாயிலில் நுழைபவர்களில் பெரும்பாலோருக்கு நகரத்தில்தான் வேலை. ஆகையால் சிற்றூரின் புறவழிச்சாலை தரும் நிம்மதியை, பெரிய நகரத்தைச் சுற்றிய சாலை பெரும்பாலும் தருவதில்லை.

வண்டிகளை வெறும் தலைக்கணக்காகவும் எடுப்பதில்லை. எல்லாவற்றையும் காருக்கு நிகராக மாற்றி எழுதுவார்கள். ஒரு லாரியை ஏறக்குறைய மூன்று காராகவும், இருசக்கர வண்டியை அரைக் காராகவும் எடுப்பது ஒரு பொது வழக்கம். நாட்டுக்கு நாடு எண் சற்று மாறும். இது இடம் அடைக்கும் கணக்கு மட்டும். சாலையைத் தேய்க்கும் கணக்கு வேறு, அது இன்னும் கொடியது. அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்து ஒட்டாவா நகரின் அருகே 1958 முதல் 1960 வரை சோதனைச் சாலைகளில் லாரிகளை ஓயாமல் ஓட்டிப் பார்த்தார்கள். சக்கர அச்சின் மீதான எடை கூடக்கூட, சேதம் தோராயமாக அந்த எடையின் நான்காம் அடுக்காக ஏறுகிறது என்பது அதில் தெரியவந்தது. எடை இரண்டு மடங்கானால் சேதம் பதினாறு மடங்கு. ஒரு கடைத்தெரு வருடா வருடம் பெயர்ந்து போகிறதென்றால் அதற்குக் கார்கள் பொறுப்பே அல்ல என்று சொல்லிவிடலாம்.

இன்றைய எண்ணிக்கை போதாது, நாளையதும் வேண்டும். சாலையைப் பதினைந்து, இருபது வருடம் தாக்குப்பிடிக்கும்படி அமைப்பார்கள். போக்குவரத்து ஆண்டுக்கு 5 சதவீதம் வளர்ந்தால் பதினைந்து வருடத்தில் இரண்டு மடங்குக்குச் சற்று மேலே போய்விடும். அந்த 5 சதவீதம் எங்கிருந்து வந்தது என்று கேட்பது ஒவ்வொரு குடிமகனுடைய உரிமை. திட்டம் வேண்டும் என்பவர் 8 என்பார், வேண்டாம் என்பவர் 2 என்பார். புதிய சாலையே புதிய பயணங்களை வரவழைக்கும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பிரிட்டன் அரசு அமைத்த ஆலோசனைக் குழு ஒன்று 1994-இல் இதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. அதற்கு முன்புவரை அங்கே பெரும்பாலான கணக்குகள், சாலை போட்டாலும் போடாவிட்டாலும் வண்டிகளின் எண்ணிக்கை ஒன்றுதான் என்று எடுத்துக்கொண்டே போடப்பட்டன.

இந்தக் கட்டத்தில் சாலையே போடாமல் விட்டால் என்ன என்ற கேள்வியையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். தெருவோரம் வண்டி நிறுத்துவதைத் தடுப்பது, ஒரு நாற்சந்தியைத் திருத்துவது, பேருந்து நிலையத்தை இடம் மாற்றுவது ஆகியவற்றாலேயே சில ஊர்களில் காரியம் முடிந்துவிடும். இருக்கும் தெருவை அகலப்படுத்துவது மட்டும் மாற்று வழிபோலத் தோன்றும். அதன் பொருள் இருபுறமும் கடைகளின் முகப்பை இடிப்பது.

எவ்வளவு தூரத்தில்?

இதை நான் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன். படித்தவர்களே சறுக்குகிற இடம் இது.

ஊருக்குள் நெடுஞ்சாலை 4 கி.மீ. நெரிசலில் சராசரி வேகம் மணிக்கு 25 கி.மீ. என்றால் ஊரைக் கடக்க ஏறக்குறைய பத்து நிமிடம். ஊரை ஒட்டி 6 கி.மீ. நீளத்தில் புறவழிச்சாலை போட்டு, அதில் 80 கி.மீ. வேகத்தில் போனால் நாலரை நிமிடம். சற்றுத் தள்ளி 9 கி.மீ. நீளத்தில் போட்டால் ஏழு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. நிலம் மலிவு, வீடுகள் இல்லை என்று இன்னும் விலகி 14 கி.மீ. போட்டால் பத்தரை நிமிடம். ஊருக்குள் நுழைந்து போவதே அரை நிமிடத்துக்கு மேல் மிச்சம்! எரிபொருளும் மிச்சம். யார் அந்தச் சாலையில் போவார்கள்?

அப்படியானால் ஒட்டியே போட்டுவிடலாமே என்றால், அதற்கும் விலை உண்டு. ஊர் வளரும். இன்று வயலாக இருக்கும் இடம் பத்து வருடத்தில் குடியிருப்பாகும். புறவழிச்சாலை ஊருக்கு நடுவே போகிற இன்னொரு சாலையாகிவிடும். பிறகு அதற்கு ஒரு புறவழி கேட்பார்கள். நடுவில் எங்கோ ஓர் இடத்தைப் பிடிக்க வேண்டும், அதற்குச் சூத்திரம் கிடையாது.

இரவு நேரத்தை மறந்துவிடுவது இன்னொரு வழக்கமான பிழை. இரவு பதினொரு மணிக்குக் கடைத்தெரு காலி. அப்போது லாரி 50 கி.மீ. வேகத்தில் ஊருக்குள் போனால் 4 கி.மீ.யை ஐந்து நிமிடத்துக்குள் கடந்துவிடும். 9 கி.மீ. புறவழியோ ஏழு நிமிடம் எடுக்கும். ஊர் தூங்கும் நேரம் பார்த்து லாரிகள் ஊருக்குள் வரும்; ஓட்டுநரைக் குறை சொல்லிப் பயனில்லை, அவர் கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. கனரக வண்டிகளுக்கு ஊருக்குள் தடை போட வேண்டும், அல்லது பழைய சாலையை வேகமாகப் போக முடியாதபடி மாற்றி அமைக்க வேண்டும். இவை திட்டத்தின் முதல் பக்கத்திலேயே இருக்க வேண்டியவை.

சத்தத்தைப் பற்றியும் இங்கேயே ஒரு வார்த்தை. வண்டிகள் பாதியாகக் குறைந்தால் சத்தமும் பாதியாகும் என்று நினைப்போம். அளவுமானியில் அது வெறும் 3 டெசிபெல் இறக்கம். காதுக்கு ஏதோ குறைந்தது போலத் தோன்றும், அவ்வளவுதான். சத்தம் பாதியானது என்று காது ஒப்புக்கொள்ள சுமார் 10 டெசிபெல் இறங்க வேண்டும், அதற்கு வண்டிகள் பத்தில் ஒரு பங்காக வேண்டும். மொத்த எண்ணிக்கையைக் குறைப்பதைவிட இரவு லாரிகளைக் குறைப்பதுதான் படுக்கையறைக்குத் தெரியும்.

எங்கே போகக் கூடாது

இப்போதுதான் வரைபடம் மேசைக்கு வருகிறது. அப்போதும் முதலில் வரைவது சாலை போக வேண்டிய இடத்தை அல்ல, போகக் கூடாத இடங்களை. ஏரி, சதுப்பு, காடு, வழிபாட்டிடம், இடுகாடு, பள்ளி, தொல்லியல் மேடு, உயர் அழுத்த மின்கம்பிகள், ரயில் பாதை, நிலச்சரிவு வரும் சரிவு என ஒவ்வொன்றும் ஒரு படலம். 1960-களில் நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் ரிச்மண்ட் பார்க்வே என்ற சாலைக்காக, நிலவடிவமைப்பாளர் இயன் மெக்ஹார்க் இதை ஒளி ஊடுருவும் தாள்களில் செய்து காட்டினார். நல்ல நிலம், காடு, நீர், குடியிருப்பு என ஒவ்வொரு மதிப்புக்கும் ஒரு தாள். எங்கே மதிப்பு அதிகமோ அங்கே கருமை. எல்லாத் தாள்களையும் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி வெளிச்சத்தில் பிடித்தால், வெளுப்பாகத் தெரிகிற பட்டையே சாலைக்கு உகந்த இடம். இன்று கணினி இதையே செய்கிறது. அடுக்கும்போது எந்தத் தாளுக்கு எவ்வளவு எடை கொடுப்பது என்பதைக் கணினி சொல்லாது. மனிதர்கள்தான் முடிவு செய்கிறார்கள். கூட்டத்தில் கேள்வி கேட்க வேண்டிய இடமும் அதுவே.

கிடைக்கும் வெளுப்பான பட்டைகளில் மூன்று நான்கை எடுத்து, ஒவ்வொன்றையும் சில நூறு மீட்டர் அகலமுள்ள தடமாக வைத்துக்கொண்டு ஒப்பிடுவார்கள். ஒன்றைத் தேர்ந்த பிறகு அதற்குள்ளேதான் மையக்கோடு வரும். இந்த இடைவெளிக் காலம் மக்களுக்குக் கொடுமையானது. மூன்று தடங்களில் இரண்டு நிச்சயம் கைவிடப்படும். ஆனால் எது என்று தெரியும்வரை மூன்றின் மேலும் இருக்கிறவர்கள் வீட்டை விற்க முடியாது, கூரையைப் புதுப்பிக்க மனம் வராது. இன்னொரு பக்கம், கோடு கசிந்துவிட்டால் நிலத் தரகர்கள் முந்திக்கொள்வார்கள். ஆய்வை நீட்டி முழக்குவதும் அநியாயம், அவசரமாக முடிப்பதும் ஆபத்து.

காட்டையும் உயிரினங்களையும் இடம் மாற்றிவிடலாம் என்ற பேச்சு வரும்போது இங்கிலாந்தின் நியூபெரி நினைவுக்கு வர வேண்டும். அந்த ஊரின் புறவழிச்சாலைக்காக மரங்களை வெட்டியபோது, 1996-இல், மரத்தின் மேல் குடிசை கட்டி உட்கார்ந்து மக்கள் போராடினார்கள். தடத்தில் சில மில்லிமீட்டர் அளவே உள்ள ஓர் அரிய நத்தை வாழ்ந்தது. அதன் வாழிடத்தைப் புல்லோடும் மண்ணோடும் பெயர்த்து வேறிடத்தில் வைத்தார்கள். சாலை 1998-இல் திறந்தது. 2006-இல் பார்த்தபோது புதிய இடத்தில் அந்த நத்தை அற்றுப்போயிருந்தது.

மண்ணும் தண்ணீரும்

சாலையின் அகலம் என்று நாம் நினைப்பது தாரின் அகலத்தை. நிலம் எடுப்பது அதற்கு மட்டுமல்ல. சாலையைத் தாங்கும் மண்கரையின் சரிவு, வடிகால், அணுகுசாலை (உள்ளூர் வண்டிகளுக்காகப் பெரிய சாலையை ஒட்டிப் போகும் சிறு சாலை), பிற்கால விரிவாக்கம் எல்லாம் சேர்த்து 60 மீட்டர் என்று வையுங்கள். ஒரு கிலோமீட்டருக்கு 6 ஹெக்டேர், பத்து கிலோமீட்டருக்கு 60 ஹெக்டேர், அதாவது 148 ஏக்கர்.

எடுத்த நிலத்தைவிட எடுக்காத நிலம்தான் சில சமயம் பெரிய தலைவலி. வயல்கள் சதுரமும் செவ்வகமுமாக இருக்கும். சாலை குறுக்கே சாய்வாக வெட்டிப் போகும். மிஞ்சுவது முக்கோணத் துண்டுகள். முக்கோணத்தின் கூர்முனையில் டிராக்டர் திரும்பாது, அந்த மூலை தரிசாகும். கிணறு சாலைக்கு இந்தப் பக்கம், வயல் அந்தப் பக்கம். அடுத்த கடவு 2 கி.மீ. தள்ளி என்றால், எதிரே கண்ணுக்குத் தெரிகிற தன் வயலுக்கே ஒருவர் 4 கி.மீ. சுற்றிப் போக வேண்டும். நஷ்டஈட்டுத் தாளில் இதற்கு ஒரு வரி இருக்காது. கீழ்ப்பாலங்களின் இடத்தை அலுவலகத்தில் உட்கார்ந்து சம தூரத்தில் குறிக்காமல், டிராக்டரும் ஆடுமாடும் இப்போது எந்தத் தடத்தில் போகின்றன என்று நடந்து பார்த்துக் குறித்தாலே பாதி மனக்கசப்பு தீரும். அறுவடை இயந்திரம் நுழையும் உயரம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

தண்ணீருக்கு வருவோம். சமதரையில் போகும் சாலையைச் சில மீட்டர் உயர்த்திக் கரை கட்டித்தான் போடுவார்கள். நிலத்தின் சரிவுக்குக் குறுக்கே வரும் கரை ஓர் அணை. அதை யாரும் அணை என்று சொல்வதில்லை என்பதுதான் வித்தியாசம். மழைநீர் முன்பு வயல்கள் மேல் மெல்லிய படலமாகப் பரவி வடிந்தது. இப்போது கரையில் முட்டி, ஓரமாக ஓடி, ஒரு சிறுபாலத்தின் துவாரத்தில் ஒன்றுசேர்ந்து பாய்கிறது. மேல்பக்கத்து வயலில் தண்ணீர் தேங்குகிறது, கீழ்ப்பக்கத்தில் ஒரே ஒருவருடைய வயல் அரித்துக்கொண்டு போகிறது. நீரோடை உள்ள இடத்தில் மட்டும் பாலம் வைத்து, ஓடையே இல்லாத தாழ்வான நிலத்தை விட்டுவிட்டால் இப்படித்தான் ஆகும். வெயில் காலத்தில் அளந்துவிட்டுப் போகிறவருக்கு அந்தத் தாழ்வு தெரியாது. அங்கே மழைக்காலத்தில் எதுவரை தண்ணீர் நின்றது என்பதை ஊரில் வயதானவர்கள்தான் சொல்ல வேண்டும். அனுபவமுள்ள பொறியாளர்கள் இதைக் கேட்காமல் சிறுபாலத்தின் அளவை முடிவு செய்வதில்லை.

பாலத்தை நூறாண்டு வெள்ளத்துக்குக் கட்டியிருக்கிறோம் என்பார்கள். நூறு வருடத்துக்கு ஒரு முறைதான் வரும் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. எந்த ஒரு வருடத்திலும் அந்த அளவு வெள்ளமோ அதைவிடப் பெரியதோ வர நூற்றில் ஒரு வாய்ப்பு என்று பொருள். முப்பது வருடக் காலத்தில் ஒரு தடவையாவது அப்படி வருவதற்கான வாய்ப்பு 26 சதவீதம். ஐம்பதாண்டு வெள்ளத்துக்குக் கட்டிய சிறுபாலத்துக்கு அதே முப்பது வருடத்தில் 45 சதவீதம்.

கரைக்கு மண் எங்கிருந்து வரும்? மேலே 12 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம், பக்கச் சரிவு ஒன்றுக்கு இரண்டு (ஒரு மீட்டர் உயரத்துக்கு இரண்டு மீட்டர் அகலம்) என்றால் ஒரு கிலோமீட்டருக்கு 54,000 கன மீட்டர் மண். ஒரு லாரிக்கு 10 கன மீட்டர் வைத்தால் 5,400 நடை, அதுவும் ஒரே ஒரு கிலோமீட்டருக்கு. மேட்டை வெட்டிப் பள்ளத்தை நிரப்புவது கைக்கெட்டும் தூரத்தில் முடிந்தால் செலவு நிறையக் குறையும். ஆகவே சாலையின் மட்டத்தை ஏற்றி இறக்கி, வெட்டுகிற மண்ணும் நிரப்புகிற மண்ணும் கூடுமானவரை சரிக்குச் சரியாக வரும்படி பார்ப்பார்கள். சுற்றிலும் சமதரை என்றால் அந்த வசதி இல்லை. வெளியிலிருந்து மண் வர வேண்டும், அந்த 5,400 நடையும் சின்னக் கிராமச் சாலைகள் வழியாகத்தான் வரும்.

வளைவு

கோட்டை நம் விருப்பப்படி நெளித்து எல்லாத் தடைகளையும் தவிர்க்க முடியாதா? முடியாது. வேகம் அதற்கு இடம் தராது. வளைவின் ஆரம் வேகத்தின் இருபடியாக ஏறுகிறது. மணிக்கு 50 கி.மீ. வேகத்துக்கு 90 மீட்டர் ஆரம் போதும் என்றால் 100 கி.மீ. வேகத்துக்கு 360 மீட்டர் வேண்டும், அதுவும் வளைவின் வெளிப்புறத்தை 7 சதவீதம் உயர்த்திய பிறகு. ஒரு வீட்டைத் தவிர்க்கக் கோட்டை நகர்த்தினால் அரை கிலோமீட்டர் முன்னும் பின்னும் எல்லாம் நகரும். காப்பாற்றிய ஒரு வீட்டுக்குப் பதில் வேறு இரண்டு வீடுகள் தடத்தில் வந்து நிற்கும். எங்கள் வீட்டை விட்டுக் கொஞ்சம் தள்ளிப் போடக் கூடாதா என்பதற்குப் பொறியாளர் தயங்குவது எப்போதும் பிடிவாதத்தால் அல்ல.

நேர்கோடும் நல்லதல்ல. மிக நீண்ட நேர்ச்சாலையில் வேகம் தெரியாமல் ஏறும், கண் சோரும். மென்மையான நீண்ட வளைவுகள் ஓட்டுநரை விழிப்பாக வைக்கும். 100 கி.மீ. வேகத்தில் வருகிற கார், ஆபத்தைக் கண்டு உணர்ந்து நிற்க சுமார் 180 மீட்டர் தேவை. அந்தத் தூரம் எங்கேயும் மேட்டாலோ மரத்தாலோ மறையக் கூடாது.

சந்திப்பும் கடைகளும்

நல்ல தடம் போட்டும் கெட்டுப்போன புறவழிச்சாலைகள் உண்டு என்றால், பெரும்பாலும் சந்திப்புகளால் கெட்டவை. முதலில் இரண்டு முனைகள். வருகிறவர் நேராகப் போனால் ஊருக்குள் நுழைந்துவிடுவார், புறவழிக்குப் போக ஒடித்துத் திரும்ப வேண்டும் என்று அமைத்தால், தெரியாதவர்கள் பாதிப் பேர் ஊருக்குள்தான் போவார்கள். நேர்வழி புறவழியாக இருக்க வேண்டும், ஊருக்குப் போகிறவர்தான் திரும்ப வேண்டும்.

அடுத்தது குறுக்கே வரும் கிராமச் சாலைகள். சாதாரண நாற்சந்தியில் வண்டிகளின் பாதைகள் ஒன்றையொன்று வெட்டவோ, சேரவோ, பிரியவோ செய்யும் புள்ளிகள் 32. அதே இடத்தில் ஒருவழித்தட ரவுண்டானா வைத்தால் 8. அதிவேகச் சாலையில் தரைமட்ட நாற்சந்தி வைப்பது, பணத்தை மிச்சம் பிடித்து உயிரில் செலவழிப்பது என்பது என் கருத்து. பாலம் கட்ட முடியாவிட்டால் ரவுண்டானா. அதுவும் முடியாவிட்டால் குறுக்குச் சாலையை மூடி, அணுகுசாலை வழியாக அடுத்த பாலத்துக்குக் கொண்டுபோக வேண்டும். மூடுவதற்கு ஊர் ஒப்பாது, அதனால்தான் இதைத் திறப்பு விழாவுக்கு முந்தைய மாதம் சொல்லாமல் தொடக்கத்திலேயே சொல்ல வேண்டும்.

இனி ஓரத்து நிலம். லண்டனுக்குத் தென்மேற்கே கிங்ஸ்டன் புறவழிச்சாலை 1927-இல் திறந்தது. கொஞ்ச காலத்திலேயே அதன் இருமருங்கிலும் வீடுகள் வரிசையாக முளைத்தன, ஒவ்வொரு வீட்டு வாசலும் நேராகச் சாலையில் திறந்தது. இப்படிச் சாலையோரம் நாடாபோல ஊர் நீள்வது பிரிட்டன் முழுக்கப் பெருகவே, 1935-இல் அதைக் கட்டுப்படுத்த ஒரு சட்டமே கொண்டுவந்தார்கள். இன்றும் உலகெங்கும் இதே கதைதான். சாலை திறந்ததும் ஒரு பெட்ரோல் நிலையம், பிறகு ஓர் ஓட்டல், பிறகு கிடங்கு, திருமண மண்டபம். தடுப்பில் ஓர் இடைவெளி, அதில் குறுக்கே கடக்கும் பாதசாரிகள், அதற்கு ஒரு வேகத்தடை. ஐந்தாறு வருடத்தில் 80 கி.மீ. சாலை 40 கி.மீ. சாலையாகிவிடும். வேலி போட்டு, குறிப்பிட்ட சந்திப்புகளைத் தவிர வேறெங்கும் நுழைய விடாத உரிமையை நிலம் எடுக்கும்போதே சேர்த்து எடுத்துவிட வேண்டும். பிறகு எடுக்க முடியாது, அதற்குள் அங்கே ஓட்டுள்ளவர்கள் குடியேறியிருப்பார்கள்.

சரி, ஊருக்குள் இருக்கும் கடைகள்? அந்தப் பயம் வெறும் பயமல்ல. அமெரிக்காவில் அரிசோனாவின் செலிக்மன், புகழ்பெற்ற 66-ஆம் நெடுஞ்சாலையின் மேல் இருந்த சிற்றூர். 1978 செப்டம்பரில் 40-ஆம் இன்டர்ஸ்டேட் சாலை ஊரை விலக்கிக்கொண்டு போனதும் போக்குவரத்து ஒரே நாளில் வற்றிப்போனது. வழிப்போக்கரை மட்டுமே நம்பியிருந்த விடுதிகளும் பெட்ரோல் நிலையங்களும் அடி வாங்கின. பின்னர் அந்த ஊர்க்காரர்களே முன்னின்று பழைய சாலையை வரலாற்றுச் சாலையாக அறிவிக்கச் செய்து, சுற்றுலாப் பயணிகளை வரவழைத்து மீண்டார்கள். ஆஸ்திரேலியாவில் சிட்னிக்கும் மெல்போர்னுக்கும் இடையே ஹியூம் நெடுஞ்சாலையில் கடைசியாகப் புறவழி பெற்ற ஊர் ஹோல்புரூக், 2013-இல். கடலிலிருந்து வெகுதூரம் உள்ள அந்த ஊர்ப் பூங்காவில் உண்மையான நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றின் மேற்பகுதி நிற்கிறது. ஒதுங்கிப் போகும் வண்டியைத் திரும்ப வைக்க அப்படி ஏதாவது ஒன்று கையில் இருப்பது நல்லது.

எந்தக் கடை பாதிக்கப்படும் என்பதை ஓரளவு முன்கூட்டியே சொல்லலாம். எரிபொருள், சாப்பாடு, தங்கும் விடுதி ஆகியவை முதலில் அடிபடும். துணிக்கடை, மருந்துக்கடை, விதைக்கடை போன்றவற்றுக்கு வாடிக்கையாளர் சுற்றுக் கிராமத்தினர். லாரி போனதும் நிம்மதியாக நடந்து வருவார்கள், வியாபாரம் கூடவும் செய்யலாம். கடைக்காரர் சங்கத்தில் இரண்டு தரப்பும் ஒரே குரலில் எதிர்த்தால், அவர்களுக்குள்ளேயே கணக்கு வேறு என்பதை எடுத்துச் சொல்வது திட்டமிடுபவரின் வேலை.

பழைய சாலை

திட்ட அறிக்கையில் கடைசிப் பத்தியாக வருவது இது. பல அறிக்கைகளில் வருவதேயில்லை. லாரிகள் விலகியதும் ஊருக்குள் அகலமான, காலியான ஒரு நெடுஞ்சாலை மிஞ்சும். காலி என்றால் வேகம் கூடும். 50 கி.மீ.யில் போன கார் 70 கி.மீ.யில் போனால் மோதலின் வலு ஏறக்குறைய இரண்டு மடங்கு. வண்டி குறைந்தும் விபத்து குறையவில்லை என்ற புகார் இங்கிருந்துதான் வருகிறது. நடைபாதையை அகலமாக்கி, தார்ப்பரப்பைக் குறுக்கி, மரம் வைத்து, கடக்குமிடங்களை உயர்த்தி அமைத்தால் அதே தெரு ஊருக்குத் திரும்பக் கிடைக்கும். முன்பு சொன்ன இரவு லாரிக் கணக்கும் அப்போதுதான் தலைகீழாக மாறும்.

பழைய சாலை இனி யாருடையது என்பதும் எழுத்தில் வேண்டும். நெடுஞ்சாலைத் துறை அதைக் கைகழுவி உள்ளூர் நிர்வாகத்திடம் ஒப்படைக்கும். நெடுஞ்சாலை அளவுக்குக் கட்டிய பாலங்களும் வடிகால்களும் சிற்றூரின் சின்னப் பட்ஜெட்டில் வந்து விழும். ஒப்படைப்பதற்கு முன் பழுது பார்ப்பது யார், குறுக்கி அமைக்கும் செலவு யாருடையது என்பதைப் புதிய சாலையின் ஒப்பந்தத்திலேயே சேர்த்துவிட்டால், ஒப்பந்ததாரரின் இயந்திரங்கள் ஊரை விட்டுப் போவதற்குள் அந்த வேலையும் முடிந்திருக்கும்.